குருவிக்காரர்களும் பறவை ஆர்வலர்களும்

"ஆணவக் கொலை நடக்கிற நாட்டுல, விடியக்காலம் எழுந்து வாத்து பார்க்கப் போறதெல்லாம் யாரோட வேலை அக்கா?"

சட்டம் படிக்கும் தம்பி ஒருவர் கேட்ட கேள்வி இது. கேலியாகக் கேட்கவில்லை, கோபமாகவே கேட்டார். பெரும்பாக்கத்தில் நாங்கள் நடத்தும் மாலைப் படிப்பகத்தின் பிள்ளைகளை, மார்கழியும் தையும் வந்தால் ஞாயிறுதோறும் சதுப்பு நிலத்துக்கு நான் அழைத்துப் போவதைக் கேள்விப்பட்டுத்தான் கேட்டார். அவர் வாய்விட்டுக் கேட்டார். நம் தோழர்கள் பலர் மனதுக்குள் கேட்டுக்கொள்கிறார்கள். சுற்றுச்சூழல் என்பது கார் வைத்திருப்பவர்களின் ஞாயிற்றுக்கிழமைப் பொழுதுபோக்கு, நமக்கு அதைவிட அவசரமான வேலைகள் ஆயிரம் இருக்கின்றன என்ற எண்ணம் நம்மிடம் பரவலாக இருக்கிறது.

என் பதில் இதுதான்: வாத்து பார்ப்பது நம்முடைய வேலை. அந்தச் சதுப்பு நிலத்துக்கு நடந்தது நமக்கு நடந்ததன் மறுபக்கம். அங்கே யார் நின்று பார்க்கிறார்கள், யார் எண்ணுகிறார்கள், யார் பெயர் வைக்கிறார்கள் என்பதை வைத்துத்தான் நாளைக்கு அங்கே யார் இருக்கலாம், யார் இருக்கக் கூடாது என்று முடிவு செய்யப்போகிறார்கள்.

ஆற்றைக் காக்க எடுத்து, சதுப்பில் போட்டார்கள்

பள்ளிக்கரணையைப் பழைய ஆட்கள் கழுவேலி என்பார்கள். தென்சென்னையின் ஏரிகள் நிரம்பி வழியும் தண்ணீர் எல்லாம் அங்கே வந்து பரந்து நிற்கும். பிறகு ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாய்க்குப் போய், கோவளம் முகத்துவாரத்தில் கடலில் சேரும். அறுபது ஆண்டுகளுக்கு முன் சுமார் 5,000 ஹெக்டேருக்குப் பரந்து கிடந்த நிலம் அது. 2007இல் அதில் 317 ஹெக்டேர் காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது. 2022இல் ராம்சார் பட்டியலில் இடம்பெற்றபோது கணக்கில் வந்த பரப்பு 1,247.54 ஹெக்டேர்.

மீதி நிலம் எங்கே போயிற்று? பெருங்குடிக் குப்பைமேடு ஒரு பங்கைத் தின்றது. தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம், தேசியக் காற்றாலை ஆற்றல் நிறுவனம் எல்லாம் சதுப்பில்தான் எழுந்தன. பறக்கும் ரயில் நிலையங்கள் வந்தன. பழைய மகாபலிபுரம் சாலை ஐ.டி. வளாகங்களின் சாலை ஆனது. அடுக்குமாடி வீடுகளும் கல்லூரிகளும் மருத்துவமனைகளும் வரிசைகட்டின. இவற்றில் எதையும் யாரும் ஆக்கிரமிப்பு என்று அழைத்ததில்லை. அவற்றுக்கு வளர்ச்சி என்று பெயர்.

ஆக்கிரமிப்பாளர் என்ற பெயர் வேறு ஆட்களுக்காக ஒதுக்கி வைக்கப்பட்டிருந்தது. கூவம் கரையிலும் அடையாற்றங்கரையிலும் மூன்று நான்கு தலைமுறைகளாகக் குடிசை போட்டு வாழ்ந்த மக்கள் அவர்கள். பெரும்பாலோர் தலித்துகள். நகரத்தின் சாக்கடையை அள்ளியவர்கள், மூட்டை தூக்கியவர்கள், வீட்டு வேலை செய்தவர்கள், மீன் விற்றவர்கள். 2000ஆம் ஆண்டில் கண்ணகி நகரில் குடியமர்த்தல் தொடங்கியது. பிறகு செம்மஞ்சேரி வந்தது. அதன் பிறகு பெரும்பாக்கம். மூன்று இடங்களையும் சேர்த்தால் 40,000 வீடுகளுக்கு மேல் வரும். 2015 வெள்ளத்துக்குப் பிறகு ஆற்றங்கரை மக்களை வண்டி வண்டியாகக் கொண்டுவந்து பெரும்பாக்கத்தின் எட்டு மாடிக் கட்டடங்களில் இறக்கினார்கள். காரணமாகச் சொன்னது வெள்ள ஆபத்து, நதி மீட்பு. 1970இல் தொடங்கிய குடிசை மாற்று வாரியம் 2021இல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயர் மாறியது. வண்டி போகும் திசை மாறவில்லை.

இதில் இருக்கும் அநியாயத்தைக் கொஞ்சம் நிறுத்திப் பாருங்கள். ஒரு நீர்நிலையைக் காப்பாற்றுவதற்காக என்று சொல்லி நம் மக்களை எடுத்தார்கள். எடுத்துக் கொண்டுபோய் இன்னொரு நீர்நிலையின் மடியில் போட்டார்கள். தண்ணீர் தேங்கும் தாழ்வான இடம் என்று தெரிந்தே கட்டினார்கள். 2015இல் அந்தப் பகுதி மூழ்கியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் மூழ்கியது. நாளைக்கு யாராவது சதுப்பு நிலத்தை மீட்க வேண்டும் என்று வரைபடத்தை விரித்தால், முதலில் யாருடைய வீட்டின் மேல் விரல் விழும்? ஐ.டி. பூங்காவின் மேலா, வாரியக் குடியிருப்பின் மேலா?

இது வெறும் பயமில்லை. 2025இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு, ராம்சார் எல்லையிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் புதிய கட்டுமானங்களுக்கு இப்போதைக்கு அனுமதி தரக் கூடாது என்று சொன்னது. அப்போது மனை வாங்கியவர்களின் கவலை செய்தியானது. கடன் வாங்கிக் கட்டுகிறோம், எங்கள் நிலைமை என்ன என்று அவர்கள் கேட்டதில் தவறில்லை. அந்தக் கவலை நியாயமானதுதான். ஆனால் கூவம் கரையில் பிள்ளைகளின் முழு ஆண்டுத் தேர்வுக்கு நடுவில் வீட்டை இடித்தபோது இதே நகரம் அதை நகர அழகு என்று வாசித்தது. ஒருவருக்கு உரிமைப் பிரச்சினை, இன்னொருவருக்குச் சுத்தம் செய்யும் வேலை. இந்த வேறுபாட்டுக்குப் பெயர் சாதி.

பிடிக்க வந்தீர்களா?

வாத்து பார்க்க ஏன் விடியற்காலை என்று பிள்ளைகள் முதல் நாளே கேட்டார்கள். பல வாத்துகள் இரவில் மேய்ந்துவிட்டு, வெளிச்சம் வரும் நேரத்தில் திறந்த நீருக்குத் திரும்பி வந்து பகலெல்லாம் ஓய்வெடுக்கும். ஆறு மணிக்கு அங்கே நின்றால் கூட்டம் கூட்டமாக வந்து இறங்குவதைப் பார்க்கலாம். எட்டரை ஆகிவிட்டால் வெயில் ஏறி, தண்ணீரின் மேல் கானல் ஆடும். தூரத்தில் இருப்பது வாத்தா, நெகிழிப் பையா என்றே தெரியாது.

எங்களிடம் இருப்பது பழைய பைனாகுலர் இரண்டு. பதினான்கு பேர் மாற்றி மாற்றிப் பார்ப்போம். மூக்கு கரண்டிபோல் அகன்றிருந்தால் தட்டைவாயன். தண்ணீரை வாயில் வாங்கி, அலகின் ஓரத்துச் சீப்புப் பற்களால் வடிகட்டித் தின்னும். வால் ஊசிபோல் நீண்டு, தலையை நீருக்குள் விட்டுப் பின்பக்கத்தை மேலே தூக்கினால் ஊசிவால் வாத்து. கண்ணுக்கு மேல் வெள்ளைப் பட்டை இருந்தால் ஆண் நீலச்சிறகி. இவையெல்லாம் மத்திய ஆசியாவிலிருந்தும் சைபீரியாவிலிருந்தும் குளிருக்குத் தப்பி வருபவை. அலகின் நுனியில் மஞ்சள் இருந்தால் புள்ளிமூக்கு வாத்து. அது நம் நாட்டுக்காரர். அரிதான செண்டு வாத்தோ நாமத்தலை வாத்தோ கண்ணில் பட்டால் அன்றைக்குக் கேமராக்காரர்கள் மத்தியில் திருவிழாதான். எங்கள் பிள்ளைகளுக்குப் பிடித்தது உள்ளங்கையில் அடங்கிவிடும்போல இருக்கும் குள்ளத்தாரா.

அக்டோபரில் வந்து பார்த்தால் ஆண் பெண் வித்தியாசம் தெரியாமல் குழம்பிவிடுவீர்கள். ஆண் வாத்துகள் இனப்பெருக்கக் காலம் முடிந்ததும் பளிச்சிறகுகளை உதிர்த்துவிட்டுப் பெண்ணைப்போல மங்கலாகிவிடும். டிசம்பர், ஜனவரியில்தான் பழைய நிறம் முழுசாகத் திரும்பும். எண்ணுவதற்கும் ஒரு முறை இருக்கிறது. பத்துப் பறவைகளை எண்ணி, அவை எவ்வளவு இடத்தை அடைக்கின்றன என்று கண்ணால் அளந்துகொண்டு, அந்த அளவைக் கூட்டம் முழுவதும் நகர்த்திக்கொண்டே போக வேண்டும். எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் இதை இரண்டே வாரத்தில் பிடித்துக்கொண்டார்கள்.

ஒரு ஞாயிறு இப்படி எண்ணிக்கொண்டிருந்தபோது, நடைப்பயிற்சிக்கு வந்த பெரியவர் ஒருவர் நின்றார். பக்கத்திலேயே பெரிய லென்சுகளோடு நான்கைந்து பேர் நின்றிருந்தார்கள். அவர்களைத் தாண்டி எங்களிடம் வந்தார். "என்னம்மா, பசங்களக் கூட்டிக்கிட்டு வாத்து புடிக்க வந்தீங்களா? கேஸ் ஆயிடும், தெரியுமில்ல?" என்றார். மிரட்டும் குரல் இல்லை. நல்லது சொல்லும் குரல்தான். எங்கள் குழுவில் ஒரு பெண் பிள்ளை நோட்டை உயர்த்திக் காட்டினாள். "புடிக்க இல்ல தாத்தா, எண்ண வந்திருக்கோம். தட்டைவாயன் மட்டும் எறநூத்துப் பத்து."

ஒரே கரை, ஒரே வாத்து, ஒரே விடியல். ஒருவர் கையில் கேமரா இருந்தால் ஆர்வலர். நம் பிள்ளை கையில் நோட்டு இருந்தாலும் திருடன். அந்தப் பெரியவர் மேல் எனக்குக் கோபமில்லை. நம் உடலைப் பார்த்ததும் வேட்டை, திருட்டு, ஆக்கிரமிப்பு என்று படிக்கும்படி அவர் கண்ணை இந்தச் சமூகம் பழக்கி வைத்திருக்கிறது. அப்படிப் பழகிய கண்தான் வனத்துறைச் சட்டத்தையும், நகரமைப்பு வரைபடத்தையும், பல சமயம் தீர்ப்பையும் எழுதுகிறது.

குருவிக்காரர் என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். பறவைகளோடு வாழ்ந்தவர்கள், குரலை வைத்தே இனம் சொல்லக்கூடியவர்கள் என்பதால் வந்த பெயர். நியாயமாகப் பார்த்தால் பட்டம்போல இருக்க வேண்டிய சொல். நம் ஊரில் அது வசவு. 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடை செய்தது. தடை தேவைதான். ஆனால் தடைபோட்ட அரசு, அந்த மக்களின் பறவை அறிவுக்கு ஒரு வேலை தந்ததா? அவர்களைக் காவலர்களாக, வழிகாட்டிகளாக, கணக்கெடுப்பாளர்களாக ஆக்கியிருக்கலாம். ஊசிமணி, பாசிமணி விற்க விட்டார்கள். நரிக்குறவன், குருவிக்காரன் என்ற பெயர்கள் தமிழ்நாட்டின் பழங்குடிப் பட்டியலில் ஏறுவதற்கு 2023 வரை ஆனது.

வாத்துக்கும் சாதிப் பெயர்

பறவைகளுக்குச் சாதி உண்டா என்று கேட்டால் பிள்ளைகள் சிரிப்பார்கள். புத்தகத்தைக் காட்டினால் சிரிப்பு நின்றுவிடும். ஆங்கிலப் பறவை நூல்களில் வெள்ளைத் தலையும் செம்பழுப்பு உடலும் கொண்ட பருந்துக்குப் பிராமினி கைட் என்று பெயர். பெருங்குடிக் குப்பைமேட்டின் மேல் வட்டமடிக்கும் ஊர்ப்பருந்துக்கு நெடுங்காலம் இருந்த பெயர் பறையா கைட். 1941இல் வெளிவந்த சாலிம் அலியின் புகழ்பெற்ற இந்தியப் பறவைகள் நூலிலும் இந்தப் பெயர்தான் இருந்தது. அழகாக இருப்பது பார்ப்பனர், ஊர்க் குப்பையைத் தின்று சுத்தம் செய்வது பறையர். பறவையைப் பார்க்கும் கண்ணில் வர்ணம் எப்படி உட்கார்ந்திருக்கிறது என்பதற்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. பறையா கைட் இப்போது பிளாக் கைட் ஆகிவிட்டது. பிராமினி கைட் அப்படியே இருக்கிறது.

வாத்திலும் ஒரு பிராமணர் உண்டு. உடல் முழுவதும் செங்காவி நிறம், தலை வெளிறிய நிறம். வடமொழி இலக்கியத்தின் சக்கரவாகம் இதுதான். நம் பக்கத்துக்கு மிக அரிதாக வரும். ஆங்கிலேயர்கள் இதைப் பிராமினி டக் என்று எழுதினார்கள். இமயத்துக்கு வடக்கே இதே பறவைக்கு வேறு மரியாதை. திபெத்தில் பௌத்தர்கள் இதைப் புனிதமாகக் கருதுகிறார்கள். பிக்குகளின் சீவரத்தின் நிறத்தை இது உடுத்தியிருக்கிறது என்பதுதான் காரணம். 6,800 மீட்டர் உயரம் வரை ஏறி இமயத்தைக் கடக்கும் வாத்து என்று 2017இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. மலைக்கு அந்தப் பக்கம் பிக்கு, இந்தப் பக்கம் பிராமணர். வாத்து ஒன்றுதான். சொல்லுங்கள், பெயர் வைப்பது அரசியல் இல்லையா?

பெயர்களை மாற்ற முடியாது என்பவர்களுக்கு இன்னொரு வாத்தின் கதை இருக்கிறது. வட அமெரிக்காவில் ஓல்ட்ஸ்குவா என்று ஒரு கடல்வாத்து இருந்தது. ஸ்குவா என்பது பூர்வகுடிப் பெண்களை இழிவுபடுத்தும் சொல். அலாஸ்காவில் இந்த வாத்தைக் காப்பாற்றப் பூர்வகுடிகளின் துணை வேண்டும், இந்தப் பெயரை வைத்துக்கொண்டு அவர்களிடம் எப்படிப் போவது என்று உயிரியலாளர்கள் கேட்டார்கள். பெயரிடும் சங்கம் அந்தக் காரணத்தை நேரடியாக ஒப்புக்கொள்ளவில்லை. பிரிட்டனில் வழங்கும் பெயரோடு ஒத்துப்போகட்டும் என்று சொல்லிக்கொண்டது. எப்படியோ 2000இல் அது நீள்வால் வாத்து ஆனது. கேட்டதால்தான் மாறியது.

ராஜாவின் துப்பாக்கியும் எருமைக்காரரின் உயிரும்

இயற்கைப் பாதுகாப்பின் வரலாற்றை நம் பிள்ளைகள் படிக்க வேண்டும். ராஜஸ்தானின் பரத்பூர் இன்று உலகப் பாரம்பரியச் சின்னம். அது மகாராஜா வாத்து சுடுவதற்காக வளர்த்த நீர்நிலை. 1938 நவம்பர் 12 அன்று வைஸ்ராய் லின்லித்கோவின் வேட்டைக் குழு ஒரே நாளில் 4,273 பறவைகளைச் சுட்டு வீழ்த்தியது. அந்தச் சாதனையைக் கல்லில் பொறித்து வைத்திருக்கிறார்கள். பார்வையாளர்கள் அதன் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். அந்த இடம் தேசியப் பூங்காவானதும், சுற்றுவட்டாரக் கிராம மக்கள் எருமை மேய்ப்பதற்கு 1982இல் தடை வந்தது. எதிர்த்த மக்கள் மீது போலீஸ் சுட்டது, உயிர்கள் போயின. சில ஆண்டுகளில் புல் மண்டித் திறந்த நீரை மூடிக்கொண்டது. எருமை மேய்ந்தபோதுதான் வாத்துகளுக்கு இடம் இருந்தது என்று, பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் அங்கேயே நடத்திய நீண்ட ஆய்வு சொன்னது.

4,273 பறவைகளைக் கொன்றவருக்குக் கல்வெட்டு. எருமை மேய்த்தவருக்குத் தோட்டா. அறிவியலும் கடைசியில் எருமைக்காரர் பக்கம் நின்றது, உயிர்கள் போன பிறகு. உள்ளூர் மக்களை விலக்கிவிட்டு நிலத்தைக் காப்பது அநீதி மட்டுமல்ல, பல சமயம் அது பறவைகளுக்கே கேடு என்ற பாடத்தைப் பள்ளிக்கரணைக்குத் திட்டம் போடுபவர்கள் மறக்கக் கூடாது. கழுவேலியில் கோரை அறுத்தவர்கள், மாடு மேய்த்தவர்கள், மீன் பிடித்தவர்கள் இருந்தார்கள். அவர்களோடுதான் அத்தனை வாத்துகளும் இருந்தன. ராம்சார் உடன்படிக்கையே 1971 முதல் அறிவார்ந்த பயன்பாடு என்றுதான் பேசுகிறது. வேலி போட்டு ஆட்களைத் துரத்து என்று அது சொல்லவில்லை.

எதிரி வாத்து இல்லை

நம் தோழர்களில் சிலர் இதற்கு எதிர்த் திசையில் போவதையும் பார்க்கிறேன். இயற்கைப் பாதுகாப்பே ஆதிக்கச் சாதிகளின் சூழ்ச்சி, சதுப்பு நிலம் போனால் போகட்டும், நம் மக்களுக்கு வீடுதான் முக்கியம் என்கிறார்கள். இந்த வாதத்தை நான் முழுமையாக மறுக்கிறேன்.

சதுப்பு நிலம் சுருங்கினால் முதலில் நனைவது யார்? மேட்டில் அடித்தளம் போட்டுக் கட்டிய வில்லாக்காரரா, செம்மஞ்சேரியின் தரைத்தள வீட்டுக்காரரா? குப்பைமேடு எரிந்தால் புகையைக் குடிப்பது யார்? கழிவுநீர் லாரிகள் இரவோடு இரவாகச் சதுப்பின் ஓரத்தில் கொட்டுகின்றன. அந்தக் கழிவுத் தொட்டிக்குள் இறங்கியவர் யார், கொட்டிய தண்ணீரின் ஓரத்தில் குடியிருப்பவர் யார்? கையால் மலம் அள்ளுவதை ஒழிக்கும் போராட்டமும் சதுப்பு நிலத்தைச் சுத்தமாக வைக்கும் போராட்டமும் ஒரே குழாயின் இரண்டு முனைகள். சதுப்பு நிலம் உயிரோடு இருப்பது மற்றவர்களுக்கு அழகு. நமக்கு அது மழைக்காலத்தில் உயிர் பிழைக்கும் விஷயம்.

நம் இயக்கத்தின் முதல் பக்கங்களில் ஒன்றே ஒரு நீர்நிலையின் கரையில்தான் எழுதப்பட்டது. 1927 மார்ச் 20 அன்று மகாத்தில் பாபாசாகேப் சவுதார் குளத்தில் இறங்கித் தண்ணீர் அள்ளினார். ஆடு மாடுகள் குடிக்கலாம், பறவைகள் குடிக்கலாம், இந்த மனிதர்கள் மட்டும் குடிக்கக் கூடாது என்றிருந்த குளம் அது. அவர் பறவைகளை விரட்டச் சொல்லவில்லை. நாங்களும் இந்தக் குளத்துக்கு உரியவர்கள் என்றார். பெரும்பாக்கம் கரையில் நோட்டோடு நிற்கும் பிள்ளையும் அதைத்தான் சொல்கிறாள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2016 ஜனவரி 17 அன்று நம்மை விட்டுப் போன ரோகித் வெமுலா, கார்ல் சேகனைப்போல அறிவியல் எழுத்தாளராக வேண்டும் என்று ஆசைப்பட்டவர். நட்சத்திரங்களையும் இயற்கையையும் நேசித்தவர். நம் பிள்ளைகள் கையில் எப்போதும் மனுவும் பதாகையும் மட்டுமே இருக்க வேண்டும், வியப்பதற்கான நேரமெல்லாம் வேறு வீட்டுப் பிள்ளைகளுக்கு என்று ஏற்றுக்கொண்டால், அவரைக் கொன்ற அமைப்பின் கணக்கை நாமும் ஒப்புக்கொண்டதாகிவிடும். வயிற்றுப்பாட்டுக்கு உதவாத ஒன்றை, அழகாக இருக்கிறது என்பதற்காக மட்டும், அரை மணி நேரம் நின்று பார்ப்பதும் விடுதலையின் ஒரு பங்கு. நம் தாத்தா பாட்டிகளுக்கு அந்த அரை மணி நேரம் தரப்படவில்லை.

நாம் செய்ய வேண்டியது

மாணவர்களுக்கும் களத்தில் இருக்கும் தோழர்களுக்கும் சில வேலைகளைச் சொல்கிறேன்.

முதலில், கணக்கெடுங்கள். பொங்கல் நாட்களில் தமிழ்நாடு முழுவதும் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது. ஜனவரியில் ஆசிய நீர்ப்பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது. யார் வேண்டுமானாலும் சேரலாம். இ-பேர்ட் செயலி இலவசம். நாள், நேரம், இடம், எண்ணிக்கை எல்லாம் பதிவாகிவிடும். ஒரு நீர்நிலையில் கட்டடம் வரப்போகிறது என்று வழக்கு வந்தால், பத்து வருடப் பறவைக் கணக்கு வலுவான ஆதாரம். அந்த ஆதாரம் யார் கையில் இருக்கிறதோ அவர்தான் பேச்சுவார்த்தையில் உட்காருவார். சட்டம் படிக்கும் தம்பிகளே, இது உங்களுக்கான வரி.

இரண்டாவது, பிரதிநிதித்துவம் கேளுங்கள். சதுப்பு நில நிர்வாகத்துக்கு எந்தக் குழு அமைந்தாலும் கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் மக்களும், அங்கே மீன்பிடித்து வாழும் குடும்பங்களும் வாக்குரிமையோடு அதில் இருக்க வேண்டும். கூட்டத்தின் கடைசி வரிசையில் உட்கார்ந்து தேநீர் குடித்துவிட்டு வருவது பிரதிநிதித்துவம் ஆகாது.

மூன்றாவது, வேலை கேளுங்கள், ஆனால் எந்த வேலை என்று சொல்லிக் கேளுங்கள். சூழல் பூங்கா திறந்தால் அவர்களுக்குத் தொலைநோக்கி, நமக்குத் துடைப்பம் என்ற பங்கீட்டை ஏற்காதீர்கள். சதுப்பைத் தினமும் பார்த்து வளர்கிற நம் பிள்ளைகளைவிட நல்ல வழிகாட்டி யார் கிடைப்பார்கள்? பயிற்சி கொடுங்கள், சம்பளத்தோடு பணியில் எடுங்கள் என்று கேட்போம்.

நான்காவது, அப்புறப்படுத்தல் என்ற பேச்சு வந்தால் முதல் நாளிலேயே வரிசையைப் பற்றிக் கேளுங்கள். சதுப்பை மீட்க வேண்டுமா? நல்லது, நாங்களும் வருகிறோம். கடைசியாக, அரசாங்கமே கொண்டுவந்து இறக்கிய ஏழையிடமிருந்து தொடங்காதீர்கள். முதலில், அதிகமாக எடுத்துக்கொண்டவரிடமிருந்து தொடங்குங்கள்.

ஐந்தாவது வேலை பறவை பார்க்கும் நண்பர்களுக்கு. உங்களில் பலர் நல்லவர்கள், சதுப்புக்காக நீதிமன்றம் வரை போனவர்கள். நீங்கள் எடுக்கும் படத்தின் சட்டகத்துக்கு வெளியே எட்டு மாடிக் கட்டடங்கள் தெரியும். அவற்றை வெட்டிவிட்டுப் படம் போடாதீர்கள். உங்கள் பழைய பைனாகுலர்களை அங்கே இருக்கும் படிப்பகங்களுக்குக் கொடுங்கள். உங்கள் நடைகளுக்கு அந்தப் பிள்ளைகளை அழையுங்கள், வழி நடத்த அவர்களையே விடுங்கள். அடுத்த முறை ஆக்கிரமிப்பு என்ற சொல்லை எழுதும்போது, யாரை மனதில் வைத்து எழுதுகிறீர்கள் என்று ஒரு நிமிடம் யோசியுங்கள்.

கேள்வி கேட்ட தம்பிக்கு நேரடியாகவே சொல்கிறேன். ஆணவக் கொலைக்கு எதிரான ஊர்வலத்தில் நானும் உங்களோடு வருவேன். அது சனிக்கிழமை என்றால், மறுநாள் விடியலில் நீங்கள் எங்களோடு வாருங்கள். அதிகாலை 5.45க்குப் பெரும்பாக்கம் பேருந்து நிறுத்தம். ஒரு நோட்டும் பேனாவும் போதும், மீதியைப் பிள்ளைகள் சொல்லித் தருவார்கள்.

ஜெய் பீம்.